கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிய தண்ணீர்

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். அரூரில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு வீடு தள்ளிப் பள்ளிவாசல். மாலையில் பாங்கு சொன்னதும் என் மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். பாட்டிலில் தண்ணீர் பிடி, குழந்தைக்குச் சட்டை மாற்று, கிளம்பு என்று அதற்கு அர்த்தம்.

நாங்கள் இந்துக்கள்தான். ஆனால் எங்கள் தெருவில் எந்தக் குழந்தை பயந்து வீரிட்டாலும், பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பினாலும் முதலில் தூக்கிக்கொண்டு போவது பள்ளிவாசல் வாசலுக்குத்தான். தொழுகை முடியும் நேரத்தில் பெண்கள் சுவரோரமாக வரிசையில் நிற்போம். வெளியே வருகிறவர்கள் செருப்பை மாட்டுவதற்கு முன் எங்கள் பக்கம் திரும்பி, வாய்க்குள் ஓதி, குழந்தையின் தலையிலும் கையிலிருக்கும் தண்ணீரிலும் மெதுவாக ஊதிவிட்டுப் போவார்கள். கறிக்கடைக்காரர், தையல்காரர், கல்லூரிப் பையன்கள், யார் வந்தாலும் ஊதுவார்கள். கடைசியில் இமாம் வருவார். ஹஜ்ரத் என்றுதான் எல்லோரும் அழைப்போம். என் மாமியார் மட்டும் 'சாமி' என்பார். அவரும் வேண்டாம் என்று சொல்லிப் பார்த்து, பிறகு விட்டுவிட்டார்.

ஹஜ்ரத்துக்கு முப்பது வயதுதான் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். மனைவியும் சின்ன மகளும் ஊரில் இருந்தார்கள். ஒருமுறை சித்தேரி மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த அம்மா ஒருவர் கூட வந்தவர்களைத் தவறவிட்டு எங்கள் தெருவில் அழுதுகொண்டு நின்றார். ஹஜ்ரத்தான் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, மைக்கில் மூன்று தடவை சொல்லி, ஆட்களை வரவழைத்து மலை பஸ்ஸில் ஏற்றிவிட்டார். நோன்பு மாதத்தில் என் மாமியார் தூக்கோடு கஞ்சிக்குப் போனால் ஹஜ்ரத் முந்திரி தெரிகிற இடமாகப் பார்த்து ஊற்றச் சொல்வாராம். அது என் மாமியார் சொல்வது.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். ஒரு மூச்சில் என்னென்ன இருக்கும் என்று பரீட்சைக்குப் படித்தது இன்னும் மனப்பாடம். இருபது முப்பது பேர் ஊதிய தண்ணீரைக் குழந்தைக்குக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லவும் தைரியம் இல்லை. முதல் நாளே ஒரு வழி கண்டுபிடித்தேன். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கொண்டுபோவேன். மூடியை ஒரு விரல் அளவுக்குத்தான் திறப்பேன். வரிசையில் எப்போதும் எனக்கு அடுத்து நிற்கும் இரட்டைக் குழந்தைக்காரி ஒருநாள் அதைக் கவனித்துவிட்டாள்.

"மூடிய நல்லா தொறங்க. இல்லாட்டி ஓதுனதெல்லாம் மூடிக்குத்தான் போவும்" என்றாள். கறிக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இன்னும் ஒரு விரல் திறந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கை கழுவுவதுபோலப் பின்பக்கம் போய், அந்தத் தண்ணீரைத் தொட்டியிலிருக்கும் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிடுவேன். பிளாஸ்க்கில் இருக்கும் வேறு தண்ணீரைக் குழந்தைக்கு இரண்டு ஸ்பூன் கொடுப்பேன். "குடிச்சிட்டாளா கண்ணு?" என்று மாமியார் கேட்பார். "குடிச்சிட்டாளுங்க அத்தை" என்பேன். ஒன்றரை மாதம் இப்படியே போனது. யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் மதியம் போனில் ஆன்லைன் தேர்வு எழுதிக்கொண்டிருந்தேன். அரசுத் தேர்வுக்கான பயிற்சி அது. குழந்தை தூக்கம் கலைந்து அழுதாள். காலையில் குடித்த பால் பாட்டில் சிங்க்கில் கிடந்தது. கொதிக்கவைக்கப் பத்து நிமிடம் ஆகும். தேர்வு முடிய ஏழு நிமிடம் இருந்தது. குழாயைத் திறந்து பாட்டிலை அலசி, பாலை ஊற்றி அவள் வாயில் வைத்துவிட்டு மீதிக் கேள்விகளை முடித்தேன்.

மறுநாள் காலையிலிருந்து வாந்தி, பேதி. மதியத்துக்குள் குழந்தை துவண்டுவிட்டாள். பக்கத்திலிருந்த நர்சிங் ஹோமுக்கு ஓடினோம். மாமியார் ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். டாக்டர் குழந்தையின் வயிற்றைத் தொட்டுக்கொண்டே, கொதிக்கவைக்காத தண்ணீர் ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டார். மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"பள்ளிவாசல்ல ஊதின தண்ணி குடுப்போம் டாக்டர்" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. சொன்ன பிறகும் அதைத் திருத்த நேரம் இருந்தது. டாக்டர் மருந்து எழுதி முடிக்கும் வரை இருந்தது. படித்தவர்களே இப்படிச் செய்தால் எப்படி என்று அவர் என்னைக் கேட்டபோதும் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே பெஞ்சில் மாமியார் அழுதார். "நாந்தான் கண்ணு உன்னைய வம்படியா அனுப்புனேன். எம்புத்திய எதால அடிக்கறது" என்றார். என்னைத் திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று அப்போது நினைத்தேன். அதுவும் சாக்குத்தான்.

மூன்று நாளில் குழந்தை தேறிவிட்டாள். அந்தக் குழாய்த் தண்ணீர்தான் காரணமா என்று இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பள்ளிவாசல் தண்ணீர் காரணம் இல்லை. அது எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். அந்தத் தண்ணீரை என் குழந்தை ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை.

என் மாமியார் யார்மீதும் பழி போடுகிறவர் இல்லை. பிள்ளை வைத்திருப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்றுதான் நான்கு வீட்டில் சொன்னார். அந்த நான்கு வீடு போதுமாக இருந்தது. மாடியில் துணி காயப்போடும்போது பார்ப்பேன். பதினைந்து பேர் நின்ற சுவரோரத்தில் ஏழு பேர், பிறகு நான்கு பேர் என்று நின்றார்கள். இரட்டைக் குழந்தைக்காரி அந்த நேரத்தில் எதிர்ப்பக்கமாக நடந்து கடைக்குப் போனாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலை ஹஜ்ரத் எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் பேரீச்சம்பழப் பொட்டலம். நான் டம்ளர் தேடுவதுபோல அடுப்படிக்குள் போய்விட்டேன். குழந்தை எப்படி இருக்கிறாள், பால் குடிக்கிறாளா என்று கேட்டார். பிறகு அவர் சொன்னது அடுப்படி வரை கேட்டது.

"எங்களால பிள்ளைக்கு முடியாமப் போயிருந்தா மன்னிச்சிக்கிடுங்கம்மா. இனிமே யாரும் தண்ணியில ஊத வேணாம்னு ஜமாஅத்துல சொல்லிட்டேன். எனக்கும் ஒரு பிள்ளை இருக்கு."

"நீங்க என்ன பண்ணுவீங்க சாமி. நல்லா இருக்கணும்னுதான ஊதுனீங்க" என்றார் மாமியார்.

அவர் போன பிறகும் நான் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலையே குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனேன். பாட்டில் எடுத்துப் போகவில்லை. மற்ற மூன்று பெண்களும் போகும்வரை காத்திருந்துவிட்டு ஹஜ்ரத்திடம் சொன்னேன். நடந்ததை வரிசையாகச் சொல்லத்தான் மனதில் கோத்து வைத்திருந்தேன். வந்தது இவ்வளவுதான்.

"அந்தத் தண்ணிய நான் பாப்பாவுக்குக் குடுத்ததே இல்லீங்க. செடிக்கு ஊத்திட்டேன்."

அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை நாளா?" என்றார்.

"மொத நாள்ல இருந்துங்க."

பிறகு, "செடி நல்லா இருக்கா?" என்று கேட்டார். நான் அழ ஆரம்பித்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது. குழந்தைக்குக் கொடுக்கப் பயந்தது தப்பில்லை, என்னிடமே சொல்லியிருந்தால் பாட்டிலை விட்டுத் தள்ளி நின்று ஓதியிருப்பேன் என்றார். டாக்டரிடம் சொன்ன பொய்யைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

"எங்கிட்டச் சொல்லிட்டீங்க, சரி. ஆனா வராமப் போனவங்க வீட்டுக்குப் போயி, எங்க மேல தப்பில்லன்னு நான் சொல்ல முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான். குழந்தையின் தலைக்கு மேலே கையை உயர்த்தி ஓதிவிட்டு உள்ளே போனார்.

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செடி, குழாய், தேர்வு, ஏழு நிமிடம். அவர் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். கடைசிப் பல் வரை உரித்து முடித்தார்.

"அந்த மனுசன் வாசல்ல நின்னு மன்னிப்புக் கேட்டாரு. நீ உள்ள இருந்து கேட்டுக்கிட்டு இருந்த" என்றார். நான் ஆமாம் என்றேன். "நான் நாலு வூட்டுல சொன்னேன். நீயும் அதே நாலு வூட்டுல போய்ச் சொல்லு. நான் கூட வர மாட்டேன்."

மறுநாள் மதியம் போனேன். முதல் வீட்டில் காபி கொடுத்தார்கள். இரண்டாவது வீட்டில், மாமியார் அனுப்பிவைத்தாரா என்று சிரித்தார்கள். பள்ளிவாசல்காரர்கள் மனம் நோகக் கூடாது என்று நான் மாற்றிச் சொல்வதாக மூன்றாவது வீட்டு அம்மா முடிவு செய்துவிட்டார். உனக்குப் பெரிய மனசு என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எத்தனை முறை மறுத்தாலும் அந்தக் கையை விடவில்லை. கடைசி வீடு இரட்டைக் குழந்தைக்காரியுடையது. முழுதாகக் கேட்டாள். மூடி ஞாபகம் வந்திருக்க வேண்டும், என் முகத்தைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றத நம்பறேங்க. ஆனா வூட்டுக்காரரு வேணாம்னுட்டாரு. இப்ப எதுக்கு ரிஸ்க்கு" என்றாள்.

மாலையில் பாங்கு சொன்னது. மாமியார் டிவி சத்தத்தைக் குறைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நானே பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு, குழந்தையோடு கிளம்பினேன். சுவரோரத்தில் என்னோடு சேர்த்து நான்கு பேர். மூடியை முழுதாகக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். கறிக்கடைக்காரர் குழந்தையின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். தையல்காரர் தலையசைத்தார். ஹஜ்ரத் வந்து ஓதினார். பாட்டிலை நீட்டினேன். தண்ணீரில் ஊதுவதை எல்லோருக்கும்தான் நிறுத்தியிருக்கிறோம், இப்போது ஒருவருக்கு மட்டும் செய்ய முடியாது என்று மெதுவாகச் சொன்னார்.

"ஊதுனாங்களா?" என்று மாமியார் கேட்டார்.

"இல்லீங்க அத்தை."

அவர் என் கையிலிருந்து பாட்டிலை வாங்கிக்கொண்டு பின்பக்கம் போனார். கறிவேப்பிலைத் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.