புள்ளி எழுத்துத் தாள்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் செமோருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் நான் முதலாம் வகுப்பு ஆசிரியை. பாடநூல்கள் எல்லாருக்கும் போதாது. அதனால் வாரத்துக்கு இரண்டு ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் சுற்றிப் பயிற்சித்தாள் கொடுப்பேன். மேலே புள்ளிகளால் எழுதிய எழுத்துகள்; பிள்ளைகள் அவற்றின்மேல் பென்சிலை ஓட்ட வேண்டும். கீழே ரம்புத்தான் பழங்களை எண்ணிக் கூட்டும் கணக்கு. எனக்குப் படம் வராது. பழமெல்லாம் முள்ளம்பன்றி போலிருக்கும்.

ஒரு சிறுமியின் தாள் மட்டும் எப்போதும் இரண்டு கையெழுத்தில் திரும்பி வந்தது. ஓரத்து வெற்றிடத்தில் அதே எழுத்துகளை யாரோ தாள் கிழியும்படி அழுத்தி எழுதியிருந்தார்கள்.

"இத யாரு எழுதுனது?"

"அம்மா, டீச்சர்."

மறுநாள் ரப்பர் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்த அம்மா பள்ளிக்கே வந்தார். விரல்களில் பால் காய்ந்து கறுத்திருந்தது.

"கோவிச்சிக்காதீங்க டீச்சர். இனிமே அவ தாள்ல எழுத மாட்டேன். எனக்குன்னு ஒன்னு குடுப்பீங்களா?"

அன்றிலிருந்து ஒரு தாள் கூடுதலாக எடுத்தேன். சில மாதங்களில் தன் பெயரை எழுதப் பழகிவிட்டார்.

அந்த வருடம் அவர் கணவர் வேலைக்குப் போவதை நிறுத்தினார். தொழிலாளர் லயத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பார். சாப்பாட்டையும் விட்டபோது, அந்த அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"நாளைக்கு இவர தஞ்சோங் ரம்புத்தானுக்குக் கூட்டிட்டுப் போறோம். கையெழுத்துப் போடுற பாரமெல்லாம் மலாய்ல இருக்குமாம். நீங்க வந்து படிச்சுச் சொல்றீங்களா டீச்சர்?"

பள்ளி விடுமுறை. போனேன். அங்கே மனநல மருத்துவமனையில் பாரத்தை வரிவரியாக வாசித்துச் சொன்னேன். பாரம் எழுதும் கிராணி வழக்கம்போலக் கைநாட்டுக்கு மைப்பெட்டியை அந்த அம்மா பக்கம் நகர்த்தினார்.

"வேணாம்லா. நா எழுதுவேன்."

நேரம் பிடித்தது. கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே போனதைக் கவனித்தேன். அதற்குள் அவர் கணவரை உள்ளே அழைத்துப் போயிருந்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தாரா என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

திரும்பும் பேருந்தில் அந்த அம்மா கேட்டார்.

"சரியா எழுதுனேனா டீச்சர்?"

"சரியாத்தான் இருந்துச்சு."

அவர் அழவில்லை. எனக்கும் அழுகை வரவில்லை. அடுத்த தாளில் கழித்தல் கணக்குக்கு எந்தப் பழத்தை வரைவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது அப்படி யோசிப்பது சரியில்லை என்று எனக்கே தெரிந்தது. நிறுத்த முடியவில்லை.

ஓராண்டுக்குப் பிறகு அவர் கணவர் இளைத்துத் திரும்பி வந்து, தோட்டத்தில் புல்வெட்டும் வேலைக்குப் போனார். எண்பதுகளில் தோட்டம் கைமாறியது. பள்ளியை மூடி, பிள்ளைகளை வேறு பள்ளியில் சேர்த்தார்கள். என்னை மாற்றினார்கள். அந்தக் குடும்பம் ஈப்போவுக்குப் போனது.

ஒருமுறை ஈப்போ சந்தையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். தொழிற்சாலைச் சட்டை போட்டிருந்தார்.

"அவரு மாத்திர போடுறாரு, நல்லா இருக்காரு. பொண்ணு படிவம் மூனு படிக்கிறா."

நல்லது என்றேன். கீரை வாங்கிக்கொண்டு பேருந்துக்கு நடந்தேன்.