சன்னலுக்கு வெளியே கேட்ட நம்பர்

பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே பதினைந்து வருடம் கத்திக் கத்தியே பேசியவன் நான். மெதுவாகப் பேச வராது.

பன்றிக் காய்ச்சல் பரவிய வருடம் எனக்கும் அது வந்தது. மனைவியையும் மகளையும் வெள்ளகோவிலுக்கு அனுப்பிவிட்டு, மண்ணரைப் பகுதியில், சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீடு ஒன்றில் தனியாகக் கிடந்தேன். ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்த மனநல ஆலோசகர் அம்மா ஒருவர் தினமும் செல்போனில் பேசுவார். இரண்டு நாள் "நல்லா இருக்கறனுங்க" என்று சமாளித்தேன். மூன்றாம் நாள் உடைந்துபோனேன்.

"செத்துருவேன்னு பயமா இருக்குதுங்க! எம்புள்ளய மறுக்காப் பாப்பனான்னே தெரியலீங்க!"

"அழுவுங்க, நான் போனை வைக்கமாட்டேன். மெதுவாவே பேசலாங்க, எனக்கு நல்லாக் கேக்குது" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. நான் கத்தியது அந்த வரிசையில் இருக்கும் பத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலையில் யாரோ சன்னலைத் தட்டினார்கள். என் பக்கமே எட்டிப் பார்க்காத அடுத்த வீட்டு முருகேசன், மூக்கை மூடித் துண்டு கட்டியபடி தள்ளி நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"ஏனுங்கண்ணா, அந்தம்மா நம்பரை எனக்கும் குடுங்க. காய்ச்சலெல்லாம் இல்லீங்க. பயந்தான்."

பயம் எனக்கு மட்டும்தான் என்று எவ்வளவு நிச்சயமாக நம்பியிருந்தேன்! நம்பரை ஒவ்வோர் எண்ணாக, பத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்திச் சொன்னேன்.