புகை நின்ற நடைவழி

மின்தூக்கி எங்கள் மாடியில் திறந்த நேரம் கைப்பேசி அதிர்ந்தது. "மலர்விழி அக்கா காலையில போயிட்டாங்க. ஹார்ட் அட்டாக்." முன்பு நாங்கள் இருந்த தம்போய் ஊரில் எங்கள் வீட்டு வரிசையில் குடியிருந்தவர் அனுப்பியிருந்தார். அழுகைக்கு முன் எனக்குப் பயம்தான் வந்தது. என் வீட்டைப் பற்றி உண்மை சொன்ன ஒரே ஆள் இனி இல்லை.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் கட்டடக் கலைஞர் மலர்விழி. எனக்குத் தம்போயில் பக்கத்து வீட்டு அக்கா. எந்த அடுக்குமாடிக்குப் போனாலும் தண்ணீர்கூடக் குடிக்காமல், "படி எங்கம்மா இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். அதைச் சொல்லி அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் நம்மில் யார்?

இந்தக் கொண்டோ அடுக்குமாடியில் பால் காய்ச்சிய அன்று கணபதி ஓமம் வளர்த்தோம். கண் எரிகிறதென்று வாசல் கதவைத் திறந்தால், புகை நடைவழிக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது. அதை இழுக்கக் கூரையில் வைத்த காற்றாடி சுற்றவில்லை. எதிர்வீட்டுச் சீனப் பெண்மணி இருமிக்கொண்டே எட்டிப் பார்த்தார். குருக்கள் மந்திரத்தை அவசரமாக முடித்தார். அக்கா நடைவழியில் நின்று, அதன் கடைசியில் இருக்கும் எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கட்டடத்துப் பேர மாத்தி வித்திருக்காங்க, அதான் எனக்குத் தெரியல. இத முதல்ல வரைஞ்சது நான்தாம்மா. இங்க வீடே கெடையாது. புகை போறதுக்குத் தொறந்து விட்ட எடம். மாடிக்கு ஒரு வீடு கூடுதலா விக்கலாம்னு அடைச்சிட்டாங்க. கேட்டா ஃபேன் இருக்கேன்னாங்க. கையெழுத்துப் போட மாட்டேன்னு வெளிய வந்துட்டேன்."

நல்ல நாளில் இப்படியா பேசுவது என்று எனக்கு ஆத்திரம். என் கணவர் குமரன் சிரித்தார். "அப்ரூவல் ஆன பில்டிங்தானே அக்கா. ரொம்ப யோசிக்காதீங்க லா."

அதன்பிறகு யார் வீட்டில் தோசை கருகினாலும் எனக்கு நெஞ்சு படபடக்கும். "வித்துட்டு வந்துடவா அக்கா?" என்று ஒருநாள் கேட்டேன். "வித்தா இன்னொரு குடும்பம் அங்க வந்து படுக்கும்மா," என்றார். சொன்னதோடு நிற்காமல் என்னோடு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். எல்லாம் விதிப்படி இருக்கிறது என்றது கட்டட நிர்வாகம். காற்றாடியைப் பழுது பார்த்தார்கள், அது மறுபடி நின்றது.

கடைசியாக அக்கா சொன்னது இதுதான்: "புகையில கண்ணு உதவாது. குனிஞ்சு, கண்ண மூடிக்கிட்டு, சுவரத் தொட்டுக்கிட்டே படி வரைக்கும் நடந்து பழகு." நான் பழகினேன். குமரன் அதைக் கண்ணாமூச்சி என்பார்.

அக்காவின் தகனம் முடிந்து வந்தோம். நான் குளித்துவிட்டு வந்தால் குமரனைக் காணோம். வாசல் திறந்திருந்தது. நடைவழியில் குனிந்து, கண்ணை இறுக மூடி, சுவரைத் தடவிக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். படிக்கதவில் கை பட்டது. அதுதான் கதவு என்று அவருக்குத் தெரியவில்லை. தாண்டிப் போய்விட்டார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பயம். அதை நான் விடமாட்டேன்.

"திரும்பி வாங்க," என்றேன். "வாசல்லேர்ந்து மறுபடி நடங்க."