எல்லையில் இல்லாத பூஜ்யங்கள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோழிகளான நானும் அவளும் எம்.எஸ்ஸி. கணிதம் முடித்திருந்தோம். அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி. மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தாலும் நியாயமான மனிதர். ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்முகத்துக்கு ஒருமுறை போகலாம், அதில் இடம் கிடைத்தால் கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம், கிடைக்காவிட்டால் தன் பேச்சைக் கேட்க வேண்டும் என்றார். அவளும் ஒப்புக்கொண்டாள்.

நேர்முகத்தில் சொல்வதற்கு ஒரு நிரூபணம் தயாரித்தோம். கம்பெனியின் செக்கிங் மேசைதான் எங்கள் இடம். பனியன் கட்டுகளை ஒதுக்கிவிட்டு எழுதுவோம். ஒரு பல்லுறுப்புக் கோவை எந்த எண்களில் பூஜ்யமாகிறதோ, அவையே அதன் பூஜ்யங்கள். அவை எல்லாமே மெய்யெண்களாக உள்ள கோவைகளை, படி ஏற ஏற வரிசையாக நிறுத்துகிறோம். அந்த வரிசை நெருங்கிச் சென்று சேரும் எல்லைச் சார்புக்கும் பூஜ்யங்கள் முடிவில்லாமல் இருக்கும், எல்லாம் மெய் அச்சின்மேலேயே இருக்கும் என்று எழுதினோம். சந்தேகமே வரவில்லை. கட்டிங்கில் எண்ணி அனுப்பிய பீஸ் செக்கிங்கிலும் அத்தனையும் இருக்க வேண்டும் என்கிற ஊரில் வளர்ந்தவர்கள் நாங்கள். உள்ளே போனது வெளியே வராமல் எங்கே போய்விடும்?

நேர்முகத்துக்கு நான் துணைக்குப் போனேன். அரை மணியில் வெளியே வந்தாள். அடுக்குக்குறிச் சார்பை நெருங்கும் கோவைகளை எழுதிப் பார்க்கச் சொன்னாராம் ஒரு பேராசிரியர். எழுதினாள். படி ஏற ஏறப் பூஜ்யங்கள் மெய் அச்சிலேயே இடப்பக்கமாக விலகிப் போய்க்கொண்டே இருந்தன. எல்லையில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எங்கள் நிரூபணம் தப்பு என்று எழுதும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சாக்பீஸை வைத்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

அப்பா திட்டவில்லை. "வுடு கண்ணு, கேட்டுப் பாத்தாச்சில்ல" என்றார். அவளும் சரி என்றுவிட்டாள்.

எனக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. நிரூபணத்தைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பார்த்தேன். உப்புச் சக்கரை மாற்றும் நாள் காலையில்தான் பிடிபட்டது. அது மாற்றிவிட்டால் எங்கள் பக்கம் சம்பந்தம் உறுதி. ஓடினேன். உள்ளறையில் பட்டுச் சேலையில் உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் மாப்பிள்ளை வீட்டார் பேச்சுச் சத்தம். காதோடு சொன்னேன்: எண்ணிக்கை பற்றிய வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். எல்லையில் பூஜ்யம் என்று ஏதாவது மிஞ்சினால், அது மெய் அச்சைவிட்டு விலகியிருக்காது. அந்தப் பகுதி அப்படியே நிற்கிறது.

அவள் கண்ணை மூடி ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். முகம் செக்கிங் மேசையில் இருந்த முகமாக மாறியது.

"ஆமா புள்ள. நிக்குது."

"அவங்களுக்கு எழுதிப் போடலாம். இன்னொருக்கா கூப்பிடுவாங்க."

"ஒருவாட்டின்னு நாந்தான ஒத்துக்கிட்டேன்?" என்றாள். பிறகு, "அந்த அளவுக்கு மட்டும் சொல்லியிருந்தாலே போதுமாயிருந்திருக்கும், இல்ல?"

அதற்குள் அத்தை ஒருத்தி வந்து, நேரமாகுது வா கண்ணு என்று கையைப் பிடித்துக்கொண்டாள். சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு அவள் எழுந்து போனாள்.