அவள் தங்கையின் அளவில் ஒரு நாற்காலி

என் மனைவிக்குப் படுத்துக்கொண்டு பேசுவது பிடிக்காது. நோய் வந்த பிறகு வலியைவிட அதைத்தான் பெரிய அவமானமாக நினைத்தாள். பார்க்க வருகிறவர்களிடம் உட்கார்ந்துதான் பேசுவேன் என்பாள். கட்டிலில் தலையணைகளை அடுக்கி நிமிர்த்தி வைத்தால் சற்று நேரத்தில் சரிந்துவிடுவாள். பிளாஸ்டிக் நாற்காலி எலும்பைக் குத்தியது. சோபாவில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டும். "என்னிய ஒழுங்கா உக்கார வைங்க, அது போதும்," என்றாள். எங்கள் இத்தனை வருட வாழ்க்கையில் அவள் என்னிடம் பிடிவாதமாகக் கேட்டது அது ஒன்றுதான்.

அவள் தம்பி தச்சு வேலை செய்கிறவன். செங்கல்பட்டில் சொந்தப் பட்டறை. கூடுவாஞ்சேரிப் பக்கம் எழும்புகிற அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவும் அலமாரியும் செய்து கொடுத்து நன்றாகவே இருக்கிறான். எங்கள் மாதா கோயில் பெஞ்சுகளும் அவன் வேலைதான். எங்கள் சனத்தில் சாவு விழுந்தால் சவப்பெட்டியும் அவன்தான் செய்வான். அக்காவுக்கு நாற்காலி நான் செய்கிறேன் என்று அவனே முன்வந்தான். ஆனால் அளவெடுக்கக் கூப்பிட்டபோது வாசலிலேயே நின்றுகொண்டான்.

"அக்காவ நான் அளக்கமாட்டேன் மாமா. பொட்டி பண்றவன் நோவுல கீறவங்க மேல கயிறு வெக்கக்கூடாது. எங்க பட்டறையில அந்தப் பழக்கமே கெடையாது."

"அளக்காம இன்னாத்தடா செய்வ?" என்றேன்.

"சின்னக்கா கீது இல்ல? ரெண்டு பேரும் ஒரே ஜாக்கெட்ட மாத்தி மாத்தி போட்டுகினு வளந்தவங்கதான?"

எனக்கு எரிச்சல் வந்தது. மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் நான் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். மயிரிழை கூடினாலும் தூக்கி ஓரமாகப் போடுவதுதான் என் பிழைப்பு. ஆனால் மச்சான் முகத்தைப் பார்த்தபோது வாதாட மனம் வரவில்லை. மனைவியின் தங்கை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் முழங்காலுக்கும், இடுப்புக்கும், முதுகுக்கும் கயிறு பிடித்து முடிச்சுப் போட்டான். கட்டிலில் இருந்தபடி என் மனைவி, "அவள விட நான் கொஞ்சம் ஒல்லிடா, பாத்துப் பண்ணு," என்று கேலி செய்தாள். எல்லோரும் சிரித்தோம்.

லீவு நாட்களில் நான் பட்டறைக்குப் போய்விடுவேன். மாமல்லபுரம் போகும் கடற்கரைச் சாலையில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் ஓர் அம்மாவிடம் தேக்கு வாங்கியிருந்தான். இடித்த பங்களா ஒன்றின் உத்தரம் அது. இனி சுருங்கவும் விரியவும் ஒன்றுமில்லாத மரம் என்றான். பட்டறையில் மெஷின்கள் இருந்தன. இந்த நாற்காலிக்கு அறுப்பது வரைதான் மெஷின், மற்றதெல்லாம் கை. இழைப்புளியின் தகட்டைக் கல்லில் தீட்டி, முன்கை மயிரை வழித்துப் பார்த்துவிட்டுத்தான் மரத்தில் வைப்பான். சுருள் சுருளாக வெங்காயத் தோல் கனத்தில் சீவல் விழும். சீவிய இடத்தில் உப்புத்தாள் படவே விடவில்லை. புறங்கையால் தடவிப் பார்த்தேன். நாளெல்லாம் இயந்திரம் செய்த பொருளையே தொடுகிற கைக்கு அது வேறு மாதிரி இருந்தது. கூச்சமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த நாற்காலியின் மேல் ஆசையே வந்துவிட்டது. ஆணி கிடையாது, பசை கிடையாது. ஒரு சட்டத்தின் நாக்கு இன்னொரு சட்டத்தின் துளையில் இறங்கி, ஒரு சின்ன மரமுளையில் பூட்டிக்கொள்ளும். பொருந்திய இடத்தில் என் நகம்கூட நுழையவில்லை.

பிரம்பு பின்னி முடித்து நாற்காலி சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவள் அதில் உட்கார்ந்தாள்.

இரண்டு பக்கமும் அரைச் சாண் இடம் காலியாக இருந்தது. முதுகு சாயப் பலகை எட்டவில்லை. மெதுவாக ஒரு பக்கம் சரிந்து கைப்பிடியில் சாய்ந்தாள். தினமும் கூடவே இருந்த எங்கள் யார் கண்ணிலும் படாதது அப்போதுதான் பட்டது. அவள் தங்கை சமையலறைக்குள் போய்விட்டாள்.

"ரொம்ப நல்லாகீதுடா," என்றாள் என் மனைவி, தம்பியிடம். "நான்தான் இதுக்குப் பத்தல."

அவன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

"கயிறு வெச்சிகினு கீறியா? எடு. என்னிய அள."

"வேணாங்க்கா."

"இப்ப பொட்டியா கேட்டேன், நாற்காலிதான? பயந்துகினே இருந்தா நான் எப்பதான் உக்கார்றது?"

அவன் பையிலிருந்து கயிற்றை எடுத்தான். இடுப்பருகே கொண்டுபோன கை அங்கேயே நின்றது. அவளே ஒரு முனையை வாங்கி இடுப்பில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அளந்தான்.

நாற்காலியைப் பட்டறைக்குத் திரும்பக் கொண்டுபோனோம். பசை போடாத வேலை என்பதால் பிரிக்க முடிந்தது. முளைகளைத் தட்டி எடுத்துவிட்டு, கொட்டாப்புளி என்கிற மரச் சுத்தியலில் துணி சுற்றி மெல்லத் தட்டினான். சட்டங்கள் முனகாமல் கழன்றன. அகலச் சட்டங்களையும் முன்பின் சட்டங்களையும் குறுக்கி வெட்டி, புதிதாக நாக்கு எடுத்து, பிரம்பையும் மறுபடி பின்ன வேண்டும். ரம்பத்தை வைத்தபோது நான் டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்க என்னால் முடியவில்லை.

அதன்பின் அவள் உட்கார்ந்தாள். மாலையில் வாசலோரம் நாற்காலியைப் போடுவோம். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற என்னை அங்கிருந்தே என்ன லேட்டு என்று அதட்டுவாள். தட்டை மடியில் வைத்து எங்களோடு சாப்பிட்டாள். பார்க்க வந்தவர்களிடம் நிமிர்ந்து, அவர்கள் வீட்டுக் கதையெல்லாம் விசாரித்தாள். போவதற்கு முந்தின நாள்வரை உட்கார்ந்தாள். எனக்கு அதில் ஆறுதல் உண்டு என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்டுதான். போதவில்லை.

சில மாதங்கள் கழித்து, தேக்கு கொடுத்த கடைக்கார அம்மா தன் மரத்தில் செய்ததைப் பார்க்க வேண்டும் என்று மச்சானோடு வீட்டுக்கு வந்தார். கீழே உட்கார்ந்து நாற்காலியைக் கவிழ்த்து, பொருத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். "எங்க சேத்துகிறீங்கன்னே தெரியலப்பா. எத்தினியோ வூட்டு சாமான் பாத்துட்டேன், இந்த மாதிரி கை வேல பாத்ததில்ல," என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டான். அவர் நாற்காலியை நிமிர்த்தி வைத்து, கைப்பிடிகளுக்கு நடுவே சாணால் அளந்து பார்த்தார்.

"ஆனா இன்னாத்துக்கு இவ்ளோ குறுகலா? யாருக்குப் பண்ணது?"

நான் சுவரில் மாட்டியிருந்த படத்தைக் காட்டினேன். உறவுக் கல்யாணம் ஒன்றில் எடுத்த படம். நீலப் பட்டுப்புடவையில், சட்டத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அவள்தான் இருந்தாள்.

அந்த அம்மா படத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். "இவங்களா? இவங்க எப்டி இதுல..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"உக்காந்தா," என்றேன். "கடைசில கொஞ்சம் எடங்கூட மிச்சம் இருந்துது."