முன்னேறிய விவசாயியின் சட்டை

1986, பொங்கல் கழிந்த இரண்டாம் ஞாயிறு, காலை ஒன்பதரை மணி. அரூரில் பனி இன்னும் விலகவில்லை. அந்தக் குளிரில் என் அப்பாவின் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

கல்யாண மண்டபத்தில் மாநாடு. எங்கள் வட்டாரத்தில் விவசாயம் வளர்ந்த வரலாறு என்று துணியில் எழுதிக் கட்டியிருந்தார்கள். மேடையில் பதினோரு நாற்காலிகள். ஒன்றில்கூட உழுகிறவர் இல்லை. ஏற்பாடு செய்தவர் பெரியப்பா, பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துபவர்.

அப்பா வரலாறு கேட்க வரவில்லை. எங்கள் கிணற்றுக்கு வாங்கிய மோட்டார் இரண்டு வருடமாகக் கரண்ட் இல்லாமல் சாக்குப் போர்த்திக் கிடந்தது. கரண்ட் ஆபீஸ் பெரிய அதிகாரிதான் சிறப்பு விருந்தினர் என்று கேள்விப்பட்டு, பொங்கலுக்குத் தைத்த டெரிலின் சட்டையின் பையில் மனுவை மடித்து வைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

மேடைக்குப் பின்னால் பெரியப்பா பிடித்துக்கொண்டார்.

“நல்ல நேரத்துல வந்தடா. பழைய உழவன் வேசத்துக்கு வரேன்னவன் வரல. சட்டயக் கழட்டிட்டு, கலப்பயத் தூக்கிக்கிட்டு ஒரு சுத்து நட. அப்பறம் நானே உன்ன அதிகாரிகிட்ட கூட்டிட்டுப் போறேன்.”

“மனு சட்டப் பையில இருக்குதுங்கண்ணா.”

“அது எங்கடா ஓடிப்போவுது?”

அப்பா வேட்டியை ஏற்றிக் கட்டி, வெற்று மார்போடு மேடையில் நடந்தார். நாற்காலிக்காரர்கள் சிரித்தார்கள். சுற்று முடிந்ததும் இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார்.

அடுத்து வந்தவர் ‘புதிய விவசாயி’. சேலத்து உரக்கடையில் கணக்கு எழுதுபவர். தோளில் மருந்தடிக்கும் டேங்க், உடம்பில் என் அப்பாவின் சட்டை! அவருடைய சட்டையில் காப்பி கொட்டிவிட்டதாம். பெரியப்பா இதை எடுத்து மாட்டிவிட்டிருந்தார். அதிகாரி எழுந்து வந்து கை குலுக்கினார். கணக்கருக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. பைக்குள் கையை விட்டார், காகிதம் தட்டுப்பட்டது. அதுவும் நாடகத்தில் சேர்ந்தது என்று எண்ணி நீட்டிவிட்டார்.

அதிகாரி படித்தார். சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

“இந்த மாதிரி முன்னேறுன விவசாயிக்குத்தாங்க மொதல்ல கரண்ட் குடுக்கணும்!” என்று மைக்கிலேயே சொல்லிப் பேனாவைத் திறந்தார்.

“அது எங்கப்பாவோட…” என்று நான் கத்தத் தொடங்கியதும் அப்பாவின் கை என் வாயைப் பொத்தியது. கடித்தேன். அவர் எடுக்கவில்லை.

“சும்மா இருடா சாமி. கையெழுத்துப் போட்டு முடிக்கட்டும்.”

கணக்கர் அந்தச் சட்டையோடே சேலம் பஸ் ஏறிவிட்டார். அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு, பல் பதிந்த உள்ளங்கையைத் தடவியபடி வீடு வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தார். ஏன் சிரித்தார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை. கோழை என்று நினைத்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மனுவில் இருந்தது அப்பா பெயர்தானே, சித்திரையில் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வந்தது. சட்டை வரவில்லை. துணி முப்பத்தொன்று, தையற்கூலி ஒன்பது. ஆக நாற்பது ரூபாய்.