இடக்கை வானம்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து தோசைக்கு உட்கார்ந்திருந்தோம். பெரியவள் போனை என் மூஞ்சிக்கு நேரே நீட்டினாள். கோயில் வாட்சப் குழுவில் யாரோ நம் பழைய கோயிலின் படத்தைப் போட்டிருந்தார்கள். மேற்கு வாசலில் நின்று எடுத்த படம். நீல வளைகூரை, அது நெடுகத் தங்க நட்சத்திரங்கள், இரண்டு பக்கமும் தூண்கள், கடைசியில் பீடம். கீழே ஒருவர் "மண்ணில் இருந்த மோட்சம்" என்று எழுதி, நான்கு அழும் பொம்மைகளைப் போட்டிருந்தார்.

"எவ்ளோ அழகா இருக்கு! இதையாப்பா இடிச்சீங்க?" என்றாள்.

"அப்பாவும் சேந்துதான் இடிச்சாங்க. கமிட்டியில கையெழுத்து போட்டாங்கல்ல?" என்று சின்னவன் போட்டுக்கொடுத்தான்.

உங்கள் அம்மா அடுப்படியிலிருந்து தலையை நீட்டி, "நல்லா கேளுங்க அவர" என்றாள்.

வாயில் தோசை இருந்ததால் அப்போது தப்பித்தேன். ஆனால் அந்தக் கேள்வி இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது. நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். இதைப் பேசினால் கோபம் வந்துவிடுகிறது. எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும் என்று சின்னவனின் பழைய நோட்டில் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தைத் திருத்தாதீர்கள்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வந்தது சுண்ணாம்பு வாடைதான். பழைய கோயில் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. சுவர் அவ்வளவு தடிமன். சித்திரை வெயிலில் வெளியே வயல் வெடித்துக் கிடக்கும், உள்ளே கால் வைத்தால் பானைத் தண்ணீரில் கையை விட்ட மாதிரி இருக்கும். ஒருவர் இருமினால் கூரை அந்த இருமலை வாங்கி, யோசித்து, மெதுவாகத் திருப்பித் தரும். காலைப் பூசையில் பீடத்துக்குப் பின்னாலிருக்கும் கண்ணாடி வழியாகச் சிவப்பும் பச்சையுமாக வெளிச்சம் தரையில் விழும். அழகில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னால் எனக்கே அடுக்காது.

கோயில் திருநாள் தோறும் சாமியார் அதற்கெல்லாம் அர்த்தம் சொல்வார். வாசல் மேற்கே, பீடம் கிழக்கே, ஏனென்றால் நாம் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு நடக்கிறோம். பன்னிரண்டு தூண்கள், பன்னிரண்டு அப்போஸ்தலர்கள். ஞானஸ்நானத் தொட்டிக்கு எட்டு மூலை, ஏழு நாளில் உலகம் முடிந்து எட்டாம் நாள் புது வாழ்வு. மேலே நட்சத்திரம், அது மோட்சம். முழுக் கோயிலும் தரையில் படுக்க வைத்த சிலுவை. நடுவே உடம்பு, இரண்டு பக்கமும் இரண்டு கை.

அந்த இடது கையில்தான் நம் தெரு உட்கார்ந்தது.

நீங்கள் அதைப் பார்த்ததில்லை. பெரிய தெருக்காரர்கள் நிலம் வைத்திருந்தவர்கள். நாம் அந்த நிலத்தில் நடவு நட்டு அறுப்பு அறுத்தவர்கள். சாமி ஒன்று, சாதி இரண்டு. நடு மண்டபம் அவர்களுக்கு. வலது கை பாடகர்களுக்கும் சிஸ்டர்களுக்கும். இடது கைக்கும் நடுவுக்கும் இடையில் இடுப்பளவு மரக் கிராதி. நாம் வடக்கே ஒரு சின்ன வாசல் வழியாக வந்து அதே வழியாகப் போவோம். நடுவிலிருப்பவர்கள் எல்லாரும் நன்மை அப்பம் வாங்கிய பிறகு சாமியார் கிராதிக்கு வந்து நமக்குக் கொடுப்பார். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால் கிழித்தாவது போட்டிருக்கலாம்.

இடது கையிலிருந்து பீடம் தெரியாது. தூண்தான் தெரியும். பன்னிரண்டில் எந்த அப்போஸ்தலரோ, எங்களை மறைத்துக்கொண்டு நின்றார். அந்தத் தூணில் சுண்ணாம்பு உரிந்த இடம் பார்ப்பதற்கு வாத்து மாதிரியே இருக்கும், அறுப்பு முடிந்த வயலில் கூட்டமாக மேயுமே, அந்த வாத்து. சிறுவயது முழுக்க நான் அந்த வாத்தைப் பார்த்துத்தான் ஜெபம் சொன்னேன். ஜெபம் எங்கே போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

வாத்துக்கு முடிவு கட்டியதும் நான்தான். இருபத்திரண்டு வயதில் நானும் என் மச்சான் சவரிமுத்துவும் நீடாமங்கலத்து மேஸ்திரி ஒருவரிடம் வெள்ளையடிக்கும் வேலை பார்த்தோம். திருநாளுக்கு நம் கோயிலைப் புதுப்பிக்கும் வேலை அவருக்கு வந்தது. சவுக்குக் கம்பில் சாரம் கட்டி மேலே ஏறினோம். நடு மண்டபத்துக்குள் நான் முதன்முதலில் போனது அப்படித்தான், தரை வழியாக இல்லை, வானம் வழியாக. மல்லாந்து படுத்துக்கொண்டு நீலம் அடிப்போம். பாதி கூரைக்கு, பாதி கண்ணுக்கு. பிறகு தகரத்தில் வெட்டிய நட்சத்திர அச்சை வைத்துத் தங்க வர்ணம் ஒற்றுவோம். சவரிமுத்து ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு சொந்தக்காரர் பெயர் வைத்தான். பீடத்துக்கு நேர் மேலே இருந்த பெரிய நட்சத்திரம் அவன் மாமியார். "அங்கயாவது அமைதியா இருக்கட்டும் மாப்ள" என்றான்.

வேலையைப் பார்த்துக்கொண்டவர் பெரிய தெருப் பண்ணையார். நடுவுக்கு நட்சத்திரம், வலது கைக்கு நட்சத்திரம், இடது கைக்கு வெறும் வெள்ளை என்பது அவர் உத்தரவு.

"அந்தப் பக்கத்துக்கும் போட்டுடலாங்களா ஐயா? நீலம் மிச்சம் இருக்குங்க" என்று கேட்டேன்.

"அங்க எதுக்குடா? தலைய நிமித்திப் பாக்கவா போறீங்க? வெள்ளையடி, போதும்."

அவர் மதியச் சாப்பாட்டுக்குப் போய் ஒரு தூக்கம் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். மூன்று மதியங்கள் எங்களுக்குக் கிடைத்தன. மிச்ச நீலம் போதவில்லை, துணிக்குப் போடும் நீலத்தைக் கடையில் வாங்கிக் கலந்தோம். தகர அச்சு அதற்குள் நைந்துபோயிருந்ததால் நட்சத்திரங்களுக்கு முனைகள் கோணல். ஒன்றிரண்டு நண்டு மாதிரிகூட இருந்தன. இருந்தாலும் திருநாளன்று நம் தெரு சின்ன வாசல் வழியாக உள்ளே வந்து, ஒவ்வொருவராகத் தலையை நிமிர்த்திய அந்த நேரம் இருக்கிறதே, நான் ராஜா மாதிரி நின்றேன்.

பண்ணையார் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் கிராதி வரைக்கும் வந்தார், அண்ணாந்து பார்த்தார், சிரித்தார்.

"நல்லாத்தான்டா இருக்கு. இப்ப ஒங்களுக்குன்னு ஒரு மோட்சம் வந்துடுச்சு. இனிமே இந்தப் பக்கம் எட்டிப் பாக்க வேண்டியதில்ல பாரு."

அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு "சரிங்க ஐயா" என்று பல்லைக் காட்டினேன். என் புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

அடுத்த மாசம் உங்கள் அம்மாவை எனக்கு நிச்சயம் செய்தார்கள். அவள் சீர்காழிப் பக்கத்துப் பெண். அவர்கள் ஊர்க் கோயில் ஒரு ஓட்டுக் கொட்டகை, அதற்குக் கையும் கிடையாது காலும் கிடையாது, எல்லாரும் ஒரே பாயில்தான். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் 'இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம்' என்று ஓலை வாசிப்பார்கள் இல்லையா, அது விஷயமாக அவள் அப்பாவோடு நம் ஊருக்கு வந்தாள். நான் நேராக இடது கைக்கு அழைத்துப் போய் மேலே காட்டினேன்.

"நான் வரைஞ்சது."

பார்த்தாள். பிறகு கிராதிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். "அது யாரு வரைஞ்சது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப கல்யாணத்துக்கு எங்க நிக்கப் போறோம்?"

"இங்கதான். நம்ம பக்கம்."

"பீடம் எங்க?"

தூணுக்குப் பின்னால் என்று கையைக் காட்டினேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இப்போது நான் முள் நிறைந்த மீனை வாங்கி வந்தால் பார்ப்பாளே, அதே பார்வை.

"ஆட்டுப் பட்டிய நல்லா சோடிச்சு, நீங்களே உள்ள போயி படலச் சாத்திக்கிட்டிருக்கீங்க" என்றாள். "நான் பீடத்தப் பாத்துக்கிட்டு நடுவுல நிக்கணும். இல்லாட்டி இந்தக் கல்யாணமே வேணாம்."

"வாய மூடு புள்ள" என்றார் அவள் அப்பா.

"நீ சும்மா இருப்பா. கட்டிக்கப் போறது நானு."

எனக்குப் பயம் வந்துவிட்டது. பண்ணையாரை நினைத்துப் பாதி, இவளை நினைத்துப் பாதி. இவள் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. சாமியாரிடம் போய்க் கேட்டேன். அவர் ஊருக்குப் புதிது, சாது.

"வழக்கத்த ஒடனே மாத்த முடியாதுப்பா. பீடத்துக்கு முன்னாடி எல்லாரும் ஒண்ணுதான்."

'அந்தப் பீடத்துக்கு முன்னாடி நிக்கத்தான் கேக்குறோம் சாமி' என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. அன்றைக்கு "சரிங்க சாமி" என்று வந்துவிட்டேன். மூன்று ஓலையும் வாசித்தாயிற்று. அவள் சொன்னதை மறந்திருப்பாள் என்று நானாக நம்பிக்கொண்டேன். உங்கள் அம்மா எதையாவது மறந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

கல்யாணத்தன்று நான் இடது கையில், என் நண்டு நட்சத்திரங்களுக்குக் கீழே, பட்டு வேட்டியில் நிற்கிறேன். தெருவே கூடியிருக்கிறது. அங்கே ஒரு ஓரத்துப் பீடத்தில் சாமியார் தயாராக இருக்கிறார். நடு மண்டபத்தில் பண்ணையாரும் நாலைந்து பேரும் மரியாதைக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். பெண் வீட்டு வேன் வந்த சத்தம் கேட்டது. எல்லாரும் சின்ன வாசலைத் திரும்பிப் பார்த்தோம். யாரும் வரவில்லை.

"மாப்ள, அங்க பாரு" என்று சவரிமுத்து என் விலாவில் குத்தினான்.

மேற்கு வாசல் வழியாக அவள் வந்துகொண்டிருந்தாள். ஒரு கையில் பூச்செண்டு, இன்னொரு கையில் அப்பா. அவர் வந்தார் என்பதைவிட இழுத்து வரப்பட்டார் என்பதுதான் சரி. அந்த நீள மண்டபம் முழுக்க, நான் மல்லாந்து படுத்து வரைந்த அத்தனை நட்சத்திரங்களுக்கும் அடியில், அவசரமே இல்லாமல் நடந்து, பெரிய பீடத்துக்கு முன்னால் போய் நின்றாள். என் பக்கம் ஒரு தடவை திரும்பினாள். கூப்பிடவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

"யாரும்மா இது, வழி தெரியாமப் போச்சா?" என்றார் பண்ணையார்.

"வழி தெரிஞ்சுதாங்க வந்தேன்."

எனக்கும் அவளுக்கும் நடுவே கிராதி. சத்தியமாகச் சொல்கிறேன், வீரமாகத் தாண்டவில்லை. ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தேன், வேட்டி மரத்தில் மாட்டிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. சவரிமுத்து பிடித்து இழுத்ததில் ஜரிகையில் ஒரு முழம் கிழிந்தது. அந்தக் கிழிசலோடு போய் அவள் பக்கத்தில் நின்றேன். "இவ்ளோ நேரமா?" என்று பல்லுக்குள் கேட்டாள்.

பண்ணையார் எழுந்து, "சாமி, இது வழக்கமில்லீங்க. சொல்லுங்க அவங்ககிட்ட" என்றார்.

சாமியார் ஓரத்துப் பீடத்திலிருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டார். கிராதியில் அவருக்கென்று இருந்த சின்னக் கதவைத் திறந்தார். வெளியே வந்து, அதைச் சாத்தாமல் விட்டுவிட்டுப் பெரிய பீடத்துக்கு நடந்தார்.

"பொண்ணும் மாப்ளையும் இங்க நிக்கிறாங்க. அவங்க இருக்குற எடத்துலதான கல்யாணம் நடத்த முடியும்?" என்றார்.

திறந்திருந்த கதவு வழியாகத் தெரு முழுக்க வந்தது. பண்ணையாரும் அவர் ஆட்களும் வெளியே போனார்கள். நான் தாலி கட்டினேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அடுத்த ஞாயிறு கிராதிக் கதவில் பூட்டு. அதற்கடுத்து மேற்கு வாசலுக்கே பூட்டு. சின்ன வாசல் மட்டும் நமக்காகத் திறந்தே கிடந்தது. நம் தெருவில் ஒருவரும் அதில் நுழையவில்லை. ஐப்பசி மழையிலும் மேற்கு வாசலுக்கு வெளியே குடை பிடித்து நின்று ஜெபம் சொன்னோம். அதிகாரிகள் வந்தார்கள், பேச்சு நடந்தது, பேசிக்கொண்டே இருந்தார்கள். பெரிய தெருவில் எனக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள், மூன்று வருஷம் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறித்தான் வெள்ளையடித்தேன். நாங்கள் நகரவில்லை. ஒரு நாள் மேற்கு வாசல் திறந்தது. உள்ளே போனோம். கிராதி இருந்த இடத்தில் தரையில் வரிசையாக ஓட்டைகள் மட்டும் இருந்தன.

அப்புறம் பல வருஷம் கழித்துச் சுவர் விரிசல் விட்டது. புதுக் கோயில் கட்ட இரண்டு தெருவும் சேர்ந்த கமிட்டி உட்கார்ந்தது. பண்ணையாரின் மகன், நல்ல பையன்தான், "பழையபடி சிலுவை மாதிரியே கட்டுவோம். அதுலதான் அர்த்தம் இருக்கு" என்றார். உங்கள் அம்மா எழுந்தாள்.

"சிலுவைய பீடத்துல வைங்க தம்பி. தரையில கை வேணாம்."

அப்படித்தான் இந்தச் சதுர மண்டபம் வந்தது. கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். இருக்கிறதுதான். எதிரொலி போயிற்று, குளிர்ச்சி போயிற்று, தரையில் விழுந்த சிவப்பும் பச்சையும் போயிற்று. பன்னிரண்டு தூணுக்குப் பதில் ஒரு தூண்கூட இல்லை. எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பீடம் தெரிகிறது. மோட்சத்தைப் பற்றி எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான். அங்கே யாருக்கும் எதுவும் மறைக்காது. கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கு நீட்டினாலும் போடுவேன்.

இடித்த அன்று போய் நின்றேன். நடுவும் இடது கையும் ஒரே குவியலாகச் சரிந்தன. எங்கே பார்த்தாலும் நீலச் சில்லு. என் கோணல் நட்சத்திரம் ஒன்றாவது கிடைக்குமா என்று கிளறிப் பார்த்தேன். எல்லாமே உடைந்திருந்ததால் எல்லாமே கோணலாக இருந்தன. எது எந்தப் பக்கத்து வானம் என்று வரைந்த எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

அந்தக் கல்லையும் மண்ணையும் எங்கே கொட்டுவது என்று பேச்சு வந்தபோது நம் தெரு கேட்டு வாங்கிக்கொண்டது. வாய்க்கால் நிரம்பினால் முழங்கால் தண்ணீர் நிற்கும் தெரு இது. பதினெட்டு டிராக்டர் நடை அடித்து மேடாக்கினோம். அந்த நட்சத்திரங்கள் கொஞ்ச நாள் மண்ணுக்கு மேலே அங்கங்கே நீலமாகத் தெரிந்துகொண்டிருந்தன. மேலே தார் போட்டதும் மறைந்துவிட்டன. நீங்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதிப்பது அதன் மேல்தான். ஒதுங்கி ஒதுங்கிப் போகாதீர்கள். நடுவிலேயே போங்கள்.